ஷூவைச் சாயங்காலம் வாங்கு

என் அண்ணனைப் பற்றி யாராவது "தங்கமான மனுஷன்" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கம்தான், யார் இல்லையென்றது? அதனால்தான் ஆளாளுக்குச் சுரண்டிக்கொண்டு போனார்கள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது அவருக்கு. வைத்தவனுக்கு நகம் நீளமாக இருந்தால், "சாக்ஸ் போடும்போது நூல் மாட்டிக்கும் சார், வெட்டிடுங்க" என்று யோசனை வேறு சொல்லுவார்.

யோசனை சொல்வதுதான் அவருடைய பிறவிக்குணம். சம்பளத்துக்கு அவர் செய்தது வேறு வேலை. ஊரின் பெரிய மனிதர்கள் வந்து உட்காரும் ஒரு கிளப்பில், பார் கவுண்டருக்குப் பின்னால் நின்று இருபத்தாறு வருடம் காக்டெயில் கலந்தார். அங்கே எல்லோரும் அவரைக் 'கலவை' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை மத்தியானம் தொடங்கும், ஆனால் காலை பத்து மணிக்கே போய்விடுவார். கிளாஸ்களைத் துடைக்க வேண்டும், ஐஸ் உடைக்க வேண்டும், நேற்றைய எலுமிச்சையைத் தூக்கிப் போட வேண்டும். ஒரு சொட்டு குடிக்கமாட்டார். கலந்ததில் ஸ்ட்ராவை விட்டு, மேல் முனையை விரலால் மூடி எடுத்து, நாக்கு நுனியில் ஒரு துளி வைத்துப் பார்ப்பார். அவ்வளவுதான். அந்தத் துளியை வைத்தே புளிப்பு தூக்கலா இனிப்பு தூக்கலா என்று சொல்லிவிடுவார்.

நான் அவருடைய தங்கை. ஒரு சலவைக்கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் ஆண்களின் துணிகளைத் தைத்தும், பிரித்தும், இடுப்பைக் குறைத்தும், பெரும்பாலும் கூட்டியும் பிழைக்கிறவள். அதே சலவைக்கடையில்தான் எங்கள் அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதம் யாரும் வந்து வாங்காத சட்டையை முதலாளி அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அண்ணன் வளர்ந்தது பூராவும் அந்தச் சட்டைகளில்தான். யாரோ ஒருவரின் தோளும் யாரோ ஒருவரின் கழுத்தும் அவர் உடம்பில் ஏறி இறங்கின. ஒரு சட்டை எங்கே பிடிக்கும், எங்கே தொங்கும், எதைச் செய்தால் சரியாகும் என்று பன்னிரண்டு வயதிலேயே அவருக்கு அத்துப்படி.

கிளப்பின் வாசலிலிருந்து கவுண்டருக்குப் பதினான்கு அடி. ஒருவர் அந்தப் பதினான்கு அடியை நடந்து முடிப்பதற்குள் அவருடைய ஷூ எந்த விரலைக் கடிக்கிறது என்று அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். கிளாஸை நீட்டும்போது குனிந்து, மற்றவர் காதில் விழாதபடி சொல்லுவார்.

"சார், அடி பட்டனைப் போடாதீங்க. உக்காரும்போது கோட்டு வயித்துல மடிஞ்சு நிக்குது பாருங்க."

"பெல்ட்டை வாங்கிட்டு அதுக்கு ஷூ தேடாதீங்க சார், கிடைக்கவே கிடைக்காது. ஷூவை வாங்கிட்டு பெல்ட்டுக்குப் போங்க."

"தாகமா இருக்கா? முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. தாகத்துக்கு இதைக் குடிச்சா மூணாவது கிளாஸ்லதான் ருசியே தெரியும், அப்ப நீங்க வீட்டுக்குப் போற நிலைமையில இருக்கமாட்டீங்க."

வீட்டிலே விருந்து வைக்கிறேன் என்று யாராவது கேட்டால் கலவைக்கும் வழி சொல்லுவார். பழச்சாறு சேர்ந்தால் ஆட்ட வேண்டும், சேராவிட்டால் கரண்டியால் கலக்கினால் போதும். ஐஸ் பெரிய கட்டியாக இருக்க வேண்டும், பொடி ஐஸ் போட்டால் பத்து நிமிடத்தில் தண்ணீரைத்தான் குடிப்பீர்கள். இதற்கெல்லாம் அவர் கூலி கேட்டதில்லை. நான்கு பேர் முன்னால் மனுஷன் அசிங்கப்படக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணமே இருந்ததில்லை.

எல்லா யோசனையிலும் அவருக்கு உயிரான யோசனை ஒன்று உண்டு. "ஷூவைச் சாயங்காலம் வாங்கு." கிளப்பில் சேர்ந்த முதல் வருடம் அவருக்குக் கொடுத்த ஷூவைக் காலையில் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று வாங்கிவந்தார். சாயங்காலம் ஆனதும் கால் வீங்கி, ஷூ இடுக்கியாக மாறிவிட்டது. அந்த வருடத்தில் மட்டும் இரண்டு பெருவிரல் நகங்களும் விழுந்தன. பஞ்சில் சுற்றி எடுத்துவந்து என்னிடம் காட்டினார், ஏதோ பரிசு வாங்கிவந்த மாதிரி. அன்றிலிருந்து கிளப்பின் சமையல்கட்டில் வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார். நாள் முழுக்க நின்ற காலோடு கடைக்குப் போ, வீங்கின காலுக்கு வாங்கு, காலையில் கொஞ்சம் தளர்ந்தால் பரவாயில்லை.

அவருடைய கோட்டுகளை நான்தான் தைப்பேன். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாத் தையல்காரர்களும் கையைத் தொங்கவிட்டுத்தான் அளவெடுப்பார்கள். காக்டெயில் குலுக்கும் ஷேக்கரை ஆட்டுகிறவனுக்கு அப்படி எடுத்தால் தீர்ந்தது கதை. கையைத் தூக்கினால் கோட்டு முழுவதும் கூடவே ஏறி, காலர் காதுக்கு வந்துவிடும். அதனால் அண்ணன் கையில் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கொடுத்து, "ஆட்டு" என்பேன். அவர் தோளுக்கு மேலே தூக்கி ஆட்டுவார். அந்த நிலையிலேயே முதுகையும் கையையும் அளப்பேன். கோட்டில் கை நுழையும் குழியை அக்குளை ஒட்டி மேலே வைப்பேன். என் அறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடித்த அண்ணனும் தங்கையும் என்று தோன்றியிருக்கும்.

இந்த மனிதரிடம்தான் நோட்டுக்காரன் வந்து சேர்ந்தான். மரியாதையாக நோட்டுக்காரர் என்று சொல்ல வேண்டுமாம். அண்ணன் பலமுறை சொல்லிவிட்டார். எனக்கு நாக்கு வரவில்லை.

கிளப்பின் புது உறுப்பினர் அவன். மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு வருவான், கவுண்டரின் இடது ஓரத்து ஸ்டூலில் உட்காருவான், எலுமிச்சை போட்ட ஏதாவது ஒன்றைக் கேட்பான். சட்டைப்பையில் உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று. அண்ணன் ஏதாவது சொன்னதும் நோட்டை எடுப்பான், எழுதுவான், மூடுவான். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் சொல்றதை ஒருத்தர் எழுதிக்கிறாரும்மா! படிச்சவரு!" என்று என்னிடம் வந்து சொன்னார்.

"எதுக்கு எழுதிக்கிறாராம்?" என்று கேட்டேன்.

"மறந்துடக் கூடாதுன்னுதான்."

அவன் எழுத வசதியாக அந்த ஸ்டூலுக்கு மேலே இருந்த விளக்கைக்கூட மாற்றச் சொல்லியிருக்கிறார். திருடனுக்கு வெளிச்சம் பிடித்த மகராசன் என் அண்ணன்.

நான்கு மாதம் கழித்து, என்னிடம் பேண்ட் சுருக்கக் கொடுக்க வந்த ஒருவர் வாரப் பத்திரிகையை மேஜையில் மறந்துவிட்டுப் போனார். புரட்டினேன். 'ஆண்களுக்கு ஐந்து நிமிடம்' என்று ஒரு பக்கம். மூலையில் நோட்டுக்காரனின் படம், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு. கீழே அடி பட்டன், பெல்ட், தாகத்துக்குத் தண்ணீர், பெரிய ஐஸ். ஷூவை மாலையில் வாங்குங்கள். அண்ணன் வாயிலிருந்து விழுந்ததை அப்படியே பொறுக்கிப் போட்டிருந்தான். 'வாங்கு' என்பதை 'வாங்குங்கள்' என்று மாற்றியதுதான் அவன் செய்த வேலை. எனக்கு ரத்தம் கொதித்தது. இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் ஓடிவிட்டேன், ஒருவருடைய பேண்ட் கருகிப்போனது. அந்தப் பாவத்தையும் அவன் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அண்ணன் பத்திரிகையை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, நிதானமாகப் படித்தார். "நல்லாத்தானே எழுதியிருக்காரு" என்றார்.

"அண்ணா, இதெல்லாம் நீ சொன்னது!"

"ஆமா. இப்ப நிறையப் பேருக்குத் தெரியும்ல?"

தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அதோடு போயிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். பத்திரிகையைப் படிக்கிற உறுப்பினர்கள் அண்ணனைக் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். அவர் குனிந்து ஏதாவது சொன்னால், "என்ன கலவை, போன வாரத்துப் பக்கத்தை ஒப்பிக்கிறியா?" என்று சிரிப்பார்கள். இருபது வருடமாக அவரிடம் கேட்டுக் கேட்டு டை கட்டப் பழகியவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துவைப்பார். ஆனால் குனிந்து பேசுவது குறைந்துபோனது. கிளாஸை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். என் அறைக்கு வந்தாலும் பேசாமல் பட்டன் டப்பாவைக் கிண்டிக்கொண்டிருப்பார்.

பிறகு கிளப்புக்கு வெள்ளையடித்துப் புதுசாக்கினார்கள். கிளப் செயலாளர், இந்த நோட்டுக்காரனையே கூப்பிட்டுத் 'தோற்ற ஆலோசகர்' என்று உட்காரவைத்தார். பார் ஊழியர்களின் உடை, ஷூ, நிற்கும் விதம் எல்லாவற்றுக்கும் அவன் வைத்ததுதான் சட்டம். நான் தைத்த கோட்டுகள் போயின. எங்கிருந்தோ ஒரு பெரிய கடையின் ஆட்கள் வந்து, எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, கையைத் தொங்கவிட்டு அளவெடுத்துப் போனார்கள். கூர்மூக்கு ஷூ விற்கிறவரையும் நோட்டுக்காரனே அழைத்துவந்தான். எத்தனை மணிக்குத் தெரியுமா? காலை பத்து மணிக்கு! ஊருக்கெல்லாம் ஷூவைச் சாயங்காலம் வாங்கச் சொல்லிப் பத்திரிகையில் எழுதியவன், வேலையாட்களுக்குக் காலையில் அளவெடுக்கிறான். அண்ணன் மெதுவாக, "சார், சாயங்காலம் வரச் சொன்னா நல்லாருக்கும்" என்றாராம். "சாயங்காலம் எனக்கு வேற வேலை இருக்குப்பா" என்றானாம்.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்னால் அண்ணன் என் அறைக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். அவர் கண்ணாடியைக் கொண்டுவரவில்லை. "செயலாளர் கொடுத்தாரும்மா. என்னன்னு படி."

மேலே அந்த யோசனைகளை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு நீளமாக அடித்திருந்தார்கள். நான் நேராகக் கடைசி வரிகளுக்குப் போனேன். 'மேற்கண்ட கருத்துகள் பத்திரிகையில் வெளியானவை. அவற்றை என் சொந்தக் கருத்துகள் என்று உறுப்பினர்களிடம் கூறிவந்ததற்கு வருந்துகிறேன். இனி அவ்வாறு கூறமாட்டேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. விழா முடிந்ததும் போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை. நோட்டுக்காரன் புகார் கொடுத்திருக்கிறான். "நம்ம பார்காரர் என் எழுத்தைத் தன்னோடதுன்னு சொல்லிட்டுத் திரியறார், எனக்குச் சங்கடமா இருக்கு" என்றானாம். சங்கடமாம்! அடுத்தவன் பையில் கையை விட்டவனுக்கு அங்கே இடம் போதவில்லை என்று சங்கடம்.

"நீ இதுல கையெழுத்துப் போட்ட, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதே" என்றேன்.

"உங்க அண்ணி போட்டுடச் சொல்றா. ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வேலையப் பாருங்கன்னு சொல்றா. இந்த வயசுல வேற எவன் வேலை கொடுப்பான்?"

"இருபத்தாறு வருஷம் நீ பேசினதெல்லாம் பொய்யின்னு எழுதிக் கொடுக்கப் போறியா?"

அவர் கையில் கொண்டுவந்திருந்த புதுக் கோட்டைப் போட்டுக் காட்டினார். எண்ணெய் டின்னைக் கொடுத்து ஆட்டச் சொன்னேன். கை மார்புக்கு மேலே ஏறவில்லை. உள்ளே பிரித்து விடலாம் என்று பார்த்தால் தையலில் அரை விரல் துணி விடவில்லை பாவிகள். அக்குளில் ஒட்டு வைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். "அவங்க கொடுத்ததை நாம வெட்டினா அதுக்கும் ஒரு காகிதம் நீட்டுவாங்க." காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். போடுவாரா மாட்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. போட்டுவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தப் பிள்ளைப்பூச்சியை எனக்குத் தெரியாதா?

விழா சாயங்காலம் நாலரை மணிக்கு. புதுக் கோட்டில் பட்டன் கிட்டன் தெறித்தால் தைத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று செயலாளர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஊசியும் நூலுமாகச் சமையல்கட்டில் உட்கார்ந்தேன். பாருக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே பண்டம் நீட்டுகிற ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வழியாக எல்லாம் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற அக்கா நின்றார். அவரைச் சத்தக்கார அக்கா என்பார்கள். அவர் மெதுவாகப் பேசினாலே தெருவுக்குக் கேட்கும். பதினெட்டு வருடமாக அந்தத் தொட்டிக்கு முன்னால் நிற்கிறவர். "உங்கண்ணன் சொல்லித்தான் நான் ஒரு சைஸ் பெருசா செருப்பு வாங்குறேன்" என்று என்னிடம் ரகசியம் பேசினார். பாரில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நோட்டுக்காரன் மைக்கைப் பிடித்தான். உடையாவது, ஷூவாவது, ஒரே அளப்பு. பக்கத்தில் அண்ணன், கூர்மூக்கு ஷூவில், காலை பத்து மணியிலிருந்து நின்ற காலோடு. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். அந்த நிற்பைப் பார்த்ததும் எனக்குப் பழைய நகம் ஞாபகத்துக்கு வந்தது.

"இப்போது நம் பார்காரர் ஒரு காக்டெயில் கலந்து காட்டுவார்" என்றான் அவன். அண்ணன் ஷேக்கரை எடுத்தார். தோளுக்கு மேலே தூக்கப் போனார், கோட்டு விடவில்லை. வயிற்றுக்கு நேராக வைத்து, குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி ஆட்டினார். "பாருங்கள், எவ்வளவு நிதானமான ஆட்டம்" என்றான் நோட்டுக்காரன். நான் ஊசியால் என் விரலையே குத்திக்கொண்டேன்.

முன் வரிசையில் இருந்த ஒருவர் கேட்டார். "ஷூவைச் சாயங்காலம் வாங்கணும்னு எழுதியிருந்தீங்களே, அது ஏன்?"

நோட்டுக்காரன் தடுமாறவில்லை. நோட்டில் இல்லாத காரணத்தை அவனே முன்னாலேயே கட்டி வைத்திருந்தான் போலிருக்கிறது. சிரித்தான். "நல்ல கேள்வி. மாலை வெளிச்சத்தில்தான் தோலின் உண்மையான நிறம் தெரியும். காலை வெயில் கண்ணை ஏமாற்றிவிடும்."

கேட்டவரும் தலையை ஆட்டினார். சத்தக்கார அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நிறமாவது மண்ணாவது! கால் வீங்கும் சார்! ஒரு நாள் என்கூட நின்னு பாருங்க தெரியும்!" என்று ஒரு போடு போட்டார்.

கூடமே சிரித்தது. நோட்டுக்காரன் முகத்தில் ஈயாடவில்லை. "அதுவும் ஒரு காரணம்தான்" என்று அசடு வழிந்தான். யாரோ பின்னாலிருந்து, "கலவை, நீ சொல்லுப்பா, எது சரி?" என்று கேட்டார். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். இதைவிட ஒரு நேரம் வாய்க்குமா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வி கேட்க வேண்டாமா?

அண்ணன் சொன்னது இதுதான். "சார் பேசிட்டு இருக்காங்க." சொல்லிவிட்டுக் கிளாஸைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சத்தக்கார அக்காவின் தொட்டியில் கிடந்த தட்டுகளையெல்லாம் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

விழா முடிந்ததும் செயலாளர் அண்ணனை அறைக்குக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே நுழைந்தேன். "நீங்க வெளியே இருங்கம்மா" என்றார். "கோட்டுல பட்டன் தளர்ந்திருக்கு சார்" என்று சொல்லி அங்கேயே நின்றுகொண்டேன். நோட்டுக்காரனும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கையெழுத்தைப் போட்டுட்டுப் போங்க" என்று செயலாளர் பேனாவை நீட்டினார்.

அண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டார். பையிலிருந்து காகிதத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். நடுவே விரல் நின்றது. வாய்விட்டுப் படித்தார். "'ஷூவை மாலையில் வாங்க வேண்டும். அப்போதுதான் நிறம் சரியாகத் தெரியும்.'"

நான் அந்த வரியைப் பார்க்கவே இல்லை. கோபத்தில் கடைசி வரிக்குத் தாவியவள் நான்.

அண்ணன் நிமிர்ந்தார். ஐம்பது வருடத்தில் நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. காது மடல் சிவந்து, தாடை துடித்தது.

"எடுக்கிறதுன்னு எடுத்தீங்களே, முழுசா எடுத்துட்டுப் போகக் கூடாதா?" என்றார். குரல் சன்னமாக ஆரம்பித்து ஏறிக்கொண்டே போனது. "காரணத்தை விட்டுட்டு வெறும் வாக்கியத்தை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கீங்க. எத்தனை ஆயிரம் பேரு படிப்பான் அந்தப் பத்திரிகையை? எவனாவது ஒருத்தன், நாள் பூரா நிக்கிறவன், நீங்க சொன்னதை நம்பி லீவு நாள்ல வீட்டுல படுத்து எழுந்து, சாயங்காலம் போய் நிறம் பாத்து, பிடிக்கிற ஷூவை வாங்கிட்டு வருவான். மறுநாள் கால் வீங்கும்போது அவன் நகம் விழும் சார்! நீங்களா வந்து கட்டுப் போடுவீங்க? என் பேரைப் போடாதீங்க, யாரு கேட்டா? தப்பாச் சொல்லாதீங்க!"

"குரலை உசத்தாதீங்க" என்றார் செயலாளர்.

"இதுல நான் எப்படி சார் கையெழுத்துப் போடுறது? இதை நான் சொன்னேன்னு எழுதியிருக்கீங்க. நிறம் தெரியும்னு நான் ஒருநாளும் யாருகிட்டயும் சொன்னதில்ல. சொல்லியிருந்தா வெக்கம் எனக்கு. சொல்லாததுக்கு எப்படி வருத்தப்படுறது?"

"கையெழுத்து இல்லேன்னா நாளைலேருந்து வரவேண்டாம்" என்றார் செயலாளர்.

அண்ணன் பேனாவை மூடி, மேஜையின்மேல் வைத்தார். கோட்டைக் கழற்றினார். அந்த நிலையிலும் தோளோடு தோள் சேர்த்து, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து, நாற்காலியில் வைத்தார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார். வலது சாக்ஸின் நுனியில் ரத்தம் கசிந்திருந்தது. நோட்டுக்காரன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"காலை பத்து மணிக்கு வாங்கின ஷூ" என்று நான் சொன்னேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்ல வந்தது. மூன்று நாளாக மனதுக்குள் எழுதி வைத்திருந்த வசவெல்லாம் அந்தச் சாக்ஸைப் பார்த்ததும் மறந்துபோனது.

வெறும் சாக்ஸோடு வெளியே வந்தார். சத்தக்கார அக்கா தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு சைஸ் பெரிய செருப்பு, அண்ணனுக்குச் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு அண்ணன் என் அறையில்தான் இருக்கிறார். அண்ணி இரண்டு வாரம் என்னோடும் பேசவில்லை, அவரோடும் பேசவில்லை. இப்போது பேசுகிறார், திட்டுகிறார், இரண்டும் ஒன்றுதான். அண்ணன் காஜா எடுக்கிறார், பட்டன் வைக்கிறார், பேண்ட் சுருக்க வருகிறவர்களை நிறுத்திவைத்துக் கிளாஸில் ஐஸ் எவ்வளவு போட வேண்டும் என்று பாடம் நடத்துகிறார். எனக்கு வேலை ஓடுவதில்லை. கிளப்பிலிருந்து இரண்டு மூன்று பேர் கோட்டு தைக்கிற சாக்கில் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். செயலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று ஒருவரையாவது கேட்டுவிட நினைத்தேன். அதற்குள் அண்ணன் அவர்களுக்கு நாற்காலி போட்டுவிட்டார்.

போன வாரம் பத்திரிகை வந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். அதே பக்கம், அதே கன்னத்துக் கை. 'ஷூவை ஏன் மாலையில் வாங்க வேண்டும்? நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும். வீங்கிய காலுக்கு வாங்குங்கள். விடுமுறை நாளில் படுத்தெழுந்து போய் வாங்காதீர்கள், மறுநாள் நகம் விழும். இது நான் அனுபவத்தில் கண்டது.'

அனுபவத்தில் கண்டதாம்! பத்திரிகையை அண்ணன் மடியில் வீசினேன். "பாரு! அந்த ரூமுல நீ கத்தினதையும் விடல. அதையும் எடுத்துட்டுப் போயிட்டான்!"

அண்ணன் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சரியாப் போட்டுட்டாரும்மா. லீவு நாள் விஷயம்கூட விடல."

"யாரு பேரு இருக்குன்னு பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். காரணம் சரியா இருக்குல்ல? அதைச் சொல்லு."

கத்தரிக்கோலைக் கேட்டார். அந்தப் பகுதியை வெட்டி, வருகிறவர்கள் படிக்கட்டும் என்று அளவு பார்க்கும் என் நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினார். அவர் கை கழுவப் போன நேரத்தில் நான் அதே கத்தரிக்கோலை எடுத்து, கீழே அவன் பெயரும் படமும் இருந்த மூலையை நறுக்கி எறிந்தேன். ஆத்திரத்தில் கை இழுத்துவிட்டது.

திரும்பி வந்து பார்த்தார். எதுவும் கேட்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கோணலா வெட்டிட்டியேம்மா" என்றார்.